கடை டப்பாவும் வீட்டுப் பாத்திரமும்

பட்டிமன்றத் தலைப்பு: குடும்பத்துக்கு மிகுந்த மகிழ்ச்சி தருவது வீட்டில் செய்யும் பண்டமா? கடையில் வாங்கும் பண்டமா?
("வீட்டில் செய்யும் பண்டமே" என்ற அணியில் பேசியது)

வந்து உட்கார்ந்ததிலிருந்து முன்னால் வைத்த பிஸ்கட் தட்டைக் காலி செய்துகொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) வில்லியனூரிலே இவ்வளவு பெருந்திரளாகக் கூடியிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே டி.வி. முன்னால் உட்கார்ந்து, அடுப்பிலே வைத்த பாலை மறந்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற அன்பு நேயர்களே! முதலிலே எழுந்து போய் அடுப்பை அணைச்சிட்டு வாங்க, நான் காத்திருக்கிறேன். (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, நான் பாகூர்க்காரி. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பேர் வாங்கிய பாகூர். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்திலே, ஒரு கல்விக்கூடத்துக்காக மூன்று கிராமங்களை மானியமாகக் கொடுத்தார்கள் என்று செப்பேடு சொல்கிற ஊர். அந்த ஊரிலே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். அதனாலே இன்றைக்கு நான் கணக்கோடுதான் பேசுவேன்.

என் கணக்கு ரொம்பச் சின்னக் கணக்கு. ஒரு பண்டத்திலே இருக்கிற சுகம் சாப்பிடுவதிலே பாதி, செய்வதிலே பாதி. கடைக்காரர் நமக்கு விற்கிறது ஒரு பாதியைத்தான். ஆனால் காசு மட்டும் முழுசாக வாங்கிக்கொள்கிறார்! (கைதட்டல்)

எதிரணித் தம்பி ரொம்ப அழகாகப் பேசினார். "செல்போனிலே ஒரு தட்டு தட்டினால் அரைமணி நேரத்திலே வாசலுக்கே வருது. எதுக்கு இந்த அவஸ்தை?" என்று கேட்டார். அப்புறம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "நம்மை ஆண்டுவிட்டுப் போனானே பிரெஞ்சுக்காரன், அவனே ரொட்டியைக் கடையிலேதானே வாங்குறான்?" என்றார். உண்மைதான் தம்பி. மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் பாதிக் கதையிலேயே பஸ்ஸை விட்டு இறங்கிட்டீங்க. மீதிக் கதையை நான் சொல்றேன்.

பிரெஞ்சிலே ரொட்டிக்கு 'பேன்' என்று பேர். நம்ம தலையிலே இருக்கிற பேன் இல்லீங்க! (சிரிப்பு) யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் இன்றைக்கும் ரொட்டியைப் 'பாண்' என்கிறார்கள் பாருங்கள், அது போர்த்துக்கீசியர் விட்டுப் போன சொல். இரண்டும் ஒரே குடும்பம். 1993-ஆம் வருஷம் பிரான்சு அரசாங்கம் இந்த ரொட்டிக்காக ஓர் ஆணை போட்டது. 'பேன் மேசோன்', அதாவது 'வீட்டு ரொட்டி' என்று ஒரு கடைக்காரர் பேர் வைத்து விற்க வேண்டுமானால், மாவு பிசைவது, உருட்டுவது, சுடுவது எல்லாமே அவர் விற்கிற இடத்திலேயே நடக்க வேண்டும். எங்கோ தொழிற்சாலையிலே செய்ததைக் கொண்டுவந்து சூடு பண்ணிக் கொடுத்துவிட்டு 'வீட்டு ரொட்டி' என்று சொல்லக் கூடாது. நடுவர் அவர்களே, யோசித்துப் பாருங்கள். 'வீடு' என்கிற ஒரு சொல்லுக்குச் சட்டம் போட்டுக் காவல் வைத்திருக்கிறார்கள்! ஏன்? அந்தச் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு.

நம்ம ஊரிலே பாருங்கள். எந்தக் கடைக்குப் போனாலும் 'ஹோம் மேட் முறுக்கு', 'வீட்டு முறைச் சமையல்', 'பாட்டி கைப்பக்குவம்' என்று போர்டு. நான் ஒரு கடையிலே கேட்டேன், "அண்ணே, பாட்டி எங்கே இருக்காங்க?" "பாட்டியா? அவங்க லேபிளிலே இருக்காங்கம்மா" என்றார். (பலத்த சிரிப்பு) ஐயா, கடைக்காரரே தன் சரக்கைப் புகழ வேண்டுமென்றால் வீட்டின் பேரைத்தான் கடன் வாங்குகிறார். எந்த வீட்டிலாவது விருந்தாளிக்குப் பரிமாறும்போது, "சாப்பிடுங்க, அப்படியே கடையிலே வாங்கின மாதிரியே இருக்கும்" என்று பெருமையாகச் சொல்கிறோமா? இந்த ஒரு இடத்திலேயே வழக்கு முடிந்துபோச்சு. இருந்தாலும் எனக்குக் கொடுத்த நேரம் பாக்கி இருக்கிறது. (கைதட்டல்)

இப்போது கேக்குக்கு வருகிறேன். "கேக்கு எல்லாம் வீட்டிலே ஆகிற காரியமா, அதுக்குப் பெரிய அடுப்புப் பெட்டி வேண்டாமா?" என்று கேட்பீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் வீட்டிலே செய்கிற எளிய கேக்கு ஒன்று இருக்கிறது. அதற்குப் பேர் 'கத்ர் கார்'. தமிழிலே சொன்னால் 'நாலு கால்'. என் வகுப்பிலே இதைச் சொன்னதும் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், நாலு கால் மேசைக்குத்தானே இருக்கும், கேக்குக்கு எப்படி?" என்றான். (சிரிப்பு) அந்தக் கால் இல்லைடா, கால் பங்கு! மாவு ஒரு கால், சர்க்கரை ஒரு கால், வெண்ணெய் ஒரு கால், முட்டை ஒரு கால். நாலும் சம எடை. நாலு முட்டையை உடைத்து ஊற்றினால் சுமார் 200 கிராம் வரும். அதே எடைக்கு மைதா, அதே எடைக்குச் சர்க்கரை, அதே எடைக்கு வெண்ணெய். அளவைத் தாளிலே எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. நான் கரும்பலகையிலே பின்னக் கணக்கு போட்டுத் தொண்டைத் தண்ணீர் வற்றினேன். இந்த நாலு கால் கேக்கு ஒரே நாளிலே அந்தப் பையன்கள் மண்டையிலே ஏற்றிவிட்டது.

அடுப்புப் பெட்டி இல்லையா? கவலைப்படாதீர்கள். பழைய குக்கர் இருக்கிறதா? அடியிலே சலித்துக் காயவைத்த மணலை இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கொட்டுங்கள். மணல் சூட்டைச் சமமாகப் பரப்பும். குக்கர் மூடியிலே இருக்கிற ரப்பர் வளையத்தைக் கழற்றிவிடுங்கள், வெயிட்டும் போடக் கூடாது. பத்து நிமிஷம் சூடு ஏறட்டும். கலவைப் பாத்திரத்தை மணலுக்கு மேலே ஒரு வளையம் போட்டு வையுங்கள். சிறு தீ. முக்கால் மணி நேரம். ஓர் ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும். அவ்வளவுதான்!

ஆனால் நடுவர் அவர்களே, அந்த முக்கால் மணி நேரம் இருக்கிறதே, அதுதான் விஷயம். எங்கள் வீட்டிலே வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைக்கிற வேலை என் வீட்டுக்காரருக்கு. முட்டை அடிக்கிறது பையனுக்கு. அடிக்க அடிக்க உள்ளே காற்று ஏறும், அந்தக் காற்றுதான் சூட்டிலே விரிந்து கேக்கைத் தூக்கிவிடும் என்று அவன் தங்கைக்குப் பாடம் எடுப்பான். பொண்ணுக்கு என்ன வேலை தெரியுமா? கிண்ணத்தை வழித்து நக்குகிற வேலை. (சிரிப்பு) அப்புறம் வாசனை கிளம்பும். கூடத்திலே பேப்பர் படித்துக்கொண்டிருக்கிற மாமனார், காது கேட்காதவர், மூக்கை நிமிர்த்தி "ஆச்சா?" என்பார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் "ஆச்சா? ஆச்சா?" ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காதா என்று பழமொழி. எங்கள் வீட்டிலே ஒருத்தருக்கும் பொறுக்காது! அந்த முக்கால் மணி நேரம் எங்கள் வீட்டிலே யார் கையிலும் செல்போன் கிடையாது. கடைக் கேக்கு வாங்கினால், டப்பாவைத் திறந்தால் மூன்று நிமிஷத்திலே கேக்கு காலி, நாலாவது நிமிஷம் அவரவர் மூலைக்கு அவரவர். எது மகிழ்ச்சி, நீங்களே சொல்லுங்கள்! (பலத்த கைதட்டல்)

"நேரம் எங்கே இருக்கு?" என்று அந்தத் தம்பி கேட்டார். தம்பி, நாம் இட்லிக்கு மாவு அரைத்து வைக்கிறோமே, அதிலே நாம் வேலை பார்க்கிற நேரம் கொஞ்சம்தான். ராத்திரி பூரா வேலை பார்ப்பது யார்? அரிசியிலும் உளுந்திலும் இயற்கையாகவே ஒட்டிக்கொண்டிருக்கிற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அதிலே முக்கியமானவர் பேரு லூக்கோநாஸ்டாக் மெசென்டராய்ட்ஸ். பேரு நம்ம வாயிலே நுழையாது. ஆனால் அவரு தினம் நம்ம வாயிலே நுழைஞ்சுக்கிட்டுத்தான் இருக்காரு! (சிரிப்பு) அவர் விடுகிற காற்றை உளுந்தின் வழவழப்பு பிடித்து வைத்துக்கொள்கிறது, மாவு பொங்குகிறது. ரொட்டிக்குக் கோதுமையின் இழுவை செய்கிற வேலையை இட்லிக்கு நம்ம உளுந்து செய்கிறது. இந்தப் புளிப்பு எல்லாம் உயிர்கள் பார்க்கிற வேலை என்று 1857-இலே பாஸ்டர் என்கிற பிரெஞ்சு விஞ்ஞானி எழுதினார். அதே 1857-இலே இங்கே சிப்பாய்கள் கிளர்ச்சி பண்ணிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆயாவுக்கு ஆயாவோ, அது ரெண்டும் தெரியாமல் மாவைக் கரைத்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்! ஓவர்டைம் கேட்காமல், லீவு கேட்காமல், நாம் தூங்கும்போது நமக்காக ஒருத்தர் வேலை பார்க்கிறார் என்றால் அவரை வேண்டாம் என்று சொல்லலாமா தம்பி? (கைதட்டல்)

அடுத்து எதிரணிச் சகோதரி பேசினார். அவர் கேட்ட கேள்வியை நான் சிரித்துத் தள்ளிவிட்டுப் போக மாட்டேன், ஏனென்றால் அது நியாயமான கேள்வி. "வீட்டுப் பக்குவம் வீட்டுப் பக்குவம் என்று புகழ்ந்து புகழ்ந்து பெண்ணை அடுப்படியிலே பூட்டி வைத்தீர்கள். செய்கிறவள் ஒருத்தி, சாப்பிடுகிறவர்கள் ஒன்பது பேர். அவளுக்கு என்ன மகிழ்ச்சி?" என்று கேட்டார்.

சகோதரி, நான் கணக்கு டீச்சர். கணக்கு சொல்கிறேன். மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-இலே இந்தியா பூராவும் ஒரு கணக்கு எடுத்தது. ஒரு நாளிலே யார் எதற்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று. சம்பளமில்லாத வீட்டு வேலையிலே கை வைக்கிறவர்கள் நூறு பெண்ணுக்கு 81 பேர், நூறு ஆணுக்கு 26 பேர். அப்படிக் கை வைக்கிறவர்களிலேயும் பெண் செலவழிக்கிற நேரம் நாளுக்கு 299 நிமிஷம். ஆண் 97 நிமிஷம். அதாவது ஒன்றுக்கு மூன்று! நான் இதை வீட்டிலே வாசித்துக் காட்டினேன். எங்க வீட்டுக்காரர், "97 நிமிஷம் செய்யற அந்த உத்தமன் யாருடி?" என்று கேட்டார். (பலத்த சிரிப்பு)

சிரிக்க வேண்டிய விஷயம் மட்டும் இல்லை இது. எங்கள் ஆயா அம்மியிலே அரைத்தார், உரலிலே இடித்தார், புகையிலே கண் எரிந்தார். அதை நான் சுகம் என்று சொல்ல மாட்டேன். அது வேலை, கடுமையான வேலை. அந்த உரலுக்கு ஓய்வு கொடுக்க 1950-களிலே கோயம்புத்தூரிலே மின்சார கிரைண்டர் பிறந்தது பாருங்கள், அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கிரைண்டரிலே அரைத்தாலும் அது வீட்டு மாவுதான். யாரும் யாரையும் திரும்பவும் அம்மிக்கு அனுப்பவில்லை.

ஆனால் சகோதரி, நோய் எங்கே இருக்கிறது? வீட்டிலே செய்வதிலா இருக்கிறது? இல்லை. ஒருத்தியே செய்வதிலேதான் இருக்கிறது. தேரை ஒருத்தர் இழுத்தால் தண்டனை, ஊர் கூடி இழுத்தால் திருவிழா! வில்லியனூர்க்காரர்களுக்கு நான் தேரைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? திருக்காமீசுவரர் தேரை ஒரே ஒரு ஆளை விட்டு இழுக்கச் சொல்லுங்கள் பார்ப்போம். (பலத்த கைதட்டல்) வடம் பிடிக்க ஆள் இல்லை என்பதற்காகத் தேரை விற்றுவிடுவதா? ஆளைக் கூப்பிட வேண்டும்! பையனைக் கூப்பிடு, புருஷனைக் கூப்பிடு. எல்லோரும் மாவிலே கை வைக்கட்டும். தினமும் செய்ய வேண்டாம். கடையே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. உடம்புக்கு முடியாத நாளிலே கடைதான் தெய்வம். ஆனால் வாரத்துக்கு ஒரு நாள், மாதத்துக்கு ஒரு பண்டம், வீடே கூடிச் செய்யுங்கள் என்கிறேன்.

இதிலே இன்னொன்றும் இருக்கிறது நடுவர் அவர்களே. செய்யாமலே விட்டால் அந்தப் பண்டம் ஒரு தலைமுறையிலே போய்விடும். எங்கள் பக்கத்திலே தாளிப்பு வடகம் போடுவோம். மாசி, பங்குனி, சித்திரை வெயில்தான் அதற்குச் சீசன். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு சேர்த்துப் பிசைந்து ஒரு ராத்திரி வைப்பார்கள். காலையிலே வெயிலிலே பரப்புவார்கள். சாயங்காலம் மறுபடி அள்ளிப் பிசைவார்கள். இப்படி ஒரு வாரம், பத்து நாள். கடைசியிலே விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடித்துப் பானையிலே போட்டு வைத்தால் வருஷம் பூரா கிடக்கும். உப்பும் வெயிலும் அதிலே இருக்கிற ஈரத்தை எடுத்துவிடுவதாலே கெடாது. ஒரு சிட்டிகை கிள்ளி எண்ணெயிலே போட்டால் மீன் குழம்பு வாசனை மூன்றாவது தெருவுக்குப் போகும்.

அந்த வாசனை ஏன் வருகிறது தெரியுமா? வெங்காயத்திலே இருக்கிற சர்க்கரையும் புரதச் சத்தும் சூட்டிலே கூடிப் பொன்னிறமாகிறது. ரொட்டியின் மேல்தோல், தோசையின் முறுகல், வடகத்தின் மணம், எல்லாம் ஒரே சங்கதி. 1912-இலே மெய்யார் என்கிற பிரெஞ்சு விஞ்ஞானி இதை விளக்கினார். அவர் பேரிலேயே இன்றைக்கும் உலகம் அதைச் சொல்கிறது.

அந்த வடகம் சும்மா இருக்கவில்லை. நம்ம புதுச்சேரியிலிருந்து கப்பல் ஏறிப் போயிற்று. இன்றைக்குப் பிரான்சிலே 'வடூவான்' என்று ஒரு மசாலா விற்கிறார்கள். பெரிய பெரிய சமையல்காரர்கள் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அது வேறு யாருமில்லை, நம்ம வீட்டு மொட்டைமாடி வடகம்தான்!

என் அண்ணன் மகள் பாரிசிலே இருக்கிறாள். எங்கள் பெரிய தாத்தா 'சொல்தா', பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். அந்த வழியிலே போன குடும்பம். ஒருநாள் ராத்திரி போன் பண்ணினாள். "அத்தை, இங்கே கடையிலே ஒரு சின்ன பாட்டில் வாங்கினேன். திறந்தா ஆயா வீட்டு வாசனை வருது அத்தை" என்றாள். பாட்டில் விலையைச் சொன்னாள். எங்க அம்மா கேட்டுவிட்டு, "இந்தக் காசுக்கு நான் ஒரு மூட்டை வெங்காயம் வாங்குவேனேடி!" என்றார். (சிரிப்பு) "அப்படின்னா சொல்லிக் கொடு ஆயா" என்றாள் பேத்தி.

எங்க அம்மாவுக்கு வயசு எண்பதுக்கு மேலே. அளவு கேட்டால், "கடுகு ஒரு கை, உளுந்து ஒரு கை" என்பார். இவள் அங்கே தராசை வைத்துக்கொண்டு, "ஆயா, ஒரு கைன்னா எத்தனை கிராம்?" என்று கேட்கிறாள். எங்க அம்மா கொஞ்சம் யோசித்தார். "உன் கையைக் காட்டு" என்றார். செல்போனிலே அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். இவர் தன் கையை விரித்துப் பக்கத்திலே வைத்துப் பார்த்தார். "உன் கை என் கையைவிடச் சின்னது. நீ ஒண்ணரைக் கை போடு" என்றார். (கைதட்டல்)

அங்கே சித்திரை வெயிலுக்கு எங்கே போவாள்? ரொட்டி சுடுகிற அடுப்புப் பெட்டியிலே குறைந்த சூட்டிலே வைத்து வைத்து உலர்த்தினாள். உருண்டை பிடித்தாள். குழம்பிலே போட்டாள். மறுபடியும் போன் பண்ணினாள். என்ன சொன்னாள் தெரியுமா? "அத்தை, கடையிலே வாங்கினப்போ வாசனை வந்துச்சு. நானே செஞ்சப்போ ஆயாவே வந்துட்டாங்க அத்தை." (நீண்ட கைதட்டல்)

எந்தக் கடை விற்கும் இதை? எந்தப் பாட்டிலிலே அடைப்பீர்கள்?

நிறைவாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். இதே வில்லியனூரிலே, மாதா கோயில் பக்கத்து வீட்டிலே கிறிஸ்துமஸ் கேக்கு செய்தால் அடுத்த வீட்டுக்கு ஒரு தட்டு வரும். அடுத்த வீட்டிலே பொங்கல் வைத்தால் இந்த வீட்டுக்கு ஒரு சொம்பு போகும். ரம்ஜானுக்கு மூன்றாவது வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வரும். நம்ம பெரியவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக் கூடாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தர வேண்டும். அதனாலே அந்தப் பாத்திரம் வருஷம் பூரா ரெண்டு வீட்டுக்கும் நடந்துகொண்டே இருக்கும்.

கடையிலே வாங்கின அட்டை டப்பாவை யாராவது திருப்பிக் கொடுத்திருக்கிறீர்களா? அது நேரே குப்பைத் தொட்டிக்குப் போகும். கடை டப்பா போனால் போனதுதான் நடுவர் அவர்களே. வீட்டுப் பாத்திரம் திரும்பி வரும், நிறைந்து வரும், உறவோடு வரும்! இந்த வில்லியனூர் மண்ணிலே குயவர் கையிலே பிறந்த சட்டியின் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், குடும்பத்துக்கு மிகுந்த மகிழ்ச்சி தருவது வீட்டிலே எல்லோரும் கூடிச் செய்கிற பண்டமே, பண்டமே என்று நல்ல தீர்ப்பைத் தாருங்கள். தீர்ப்பு நல்லபடியாக வந்தால் உங்களுக்கு ஒரு நாலு கால் கேக்கு உண்டு. ஆனால் ஐயா, தட்டை மட்டும் வெறும் தட்டாகத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்! (பலத்த சிரிப்பு)

(நீண்ட கைதட்டல்)